வாயால பெட்ரோல் உறிஞ்சாதீங்க, இந்த கைப்பம்ப வாங்குங்க

2023 டிசம்பர் வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நின்ன எங்க ஸ்ப்ளெண்டர் முழுசா தண்ணிக்குள்ள கெடந்துச்சு. டேங்க கழட்டணும்னு அன்னைக்கி ட்யூப விட்டு வாயால உறிஞ்சினேன், ஒரு மடக்கு உள்ள போயி ஒரு வாரம் இருமல் நிக்கல, வயித்துக்குள்ள போறத விட நுரையீரலுக்குள்ள போனாத்தான் மோசம்னு டாக்டர் ஏசினாவ. அதனாலதான் இத எழுதுதேன்.

இந்த மழைக்கும் டேங்க் மூடி வழியா தண்ணி எறங்கி வண்டி அடைக்க ஆரம்பிச்சுது, வண்ணாரப்பேட்டைல ஒரு ஸ்பேர்ஸ் கடைல அண்ணாச்சி இந்த பம்ப குடுத்தாவ, 180 ரூவா. நடுவுல ரப்பர் உருண்டை, ரெண்டு பக்கமும் ட்யூப், உருண்டைல இருக்க அம்புக்குறி கேன் பக்கம் பாத்து இருக்கணும். நாலு தடவ அமுக்குனா உள்ள வால்வு டக் டக்னு கேக்கும், பொறவு கைய எடுத்துரலாம், கேன் டேங்குக்கு கீழ இருந்தா அதுவா ஓடும். ட்யூப்ல உள்ள இருக்கது தெரியும், கடைசில துருவும் கலங்கலுமா தண்ணி வந்தத கண்ணால பாத்தேன். இப்ப வார பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால்லா, தண்ணி சேந்தா அது ரெண்டும் ஒண்ணாகி அடில தங்கிருது. டேங்குக்கு அடில தொறந்து மூடுத பெட்ரோல் காக் வழியாவே எறக்கலாம்தான், ஆனா எனக்கு துரு அடைச்சு சொட்டு சொட்டாத்தான் வந்துச்சு.

டேங்க கழட்டும்போது ஃபுல் பெட்ரோலோட தூக்காதீங்க, 10 லிட்டர்னா பெட்ரோல் மட்டுமே ஏழு கிலோவுக்கு மேல. இஞ்சின் நல்லா ஆறட்டும், பேட்டரி மைனஸ் வயர மொதல்ல கழட்டுங்க, பெட்ரோல் காக்க ஆஃப் பண்ணிட்டு ஹோஸ உருவுங்க, சீட்ட எடுத்தா டேங்குக்கு பின்னால போல்ட் இருக்கும், அத எடுத்துட்டு பைய தூக்கி பின்னால இழுத்தா முன்னால ரப்பர் புஷ்ல இருந்து வந்துரும், பெட்ரோல் மீட்டர் வயர் கப்ளர் மாட்டி இருக்கும், வெடுக்குனு இழுத்துராதீங்க.

வீட்டுக்குள்ள தார்சால வச்சு மட்டும் செய்யாதீங்க. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், தரையோட போயி சாமி வெளக்கு வரைக்கும் எட்டும். நான் புறவாசல்ல காத்தோட்டமா வச்சு செஞ்சேன். காலி ஆனதும் பயமில்லன்னு நெனைக்காதீங்க, உள்ள ஆவி நெறஞ்சு நிக்கும், அப்பதான் ஜாஸ்தி ஆபத்து, அந்த டேங்க வெல்டிங் பட்டறைக்கு அப்படியே கொண்டு போகவே கூடாது. பெட்ரோல தண்ணி பாட்டில்ல பிடிக்காதீங்க, மூடி இறுக்கமா இருக்க தகர கேன் நல்லது.

2020 ஏப்ரலுக்கு பொறவு வந்த பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) இன்ஜெக்ஷன் வண்டிக்கு இந்த கதையே வேற, டேங்குக்குள்ள இருக்க கரண்ட் பம்புக்கும் இஞ்சினுக்கும் நடுவுல லைன்ல பிரஷர் நிக்கும், பைப்ப சட்டுனு உருவுனா பெட்ரோல் பீச்சி அடிக்கும், மெக்கானிக்கிட்ட விட்டுருங்க.

குறைன்னா ட்யூப் நீளம் பத்தல, க்ளிப்பும் கூட வரல. அண்ணாச்சிகிட்ட மீட்டர் கணக்குல தனியா ஹோஸ் வாங்கி மாட்டிக்கிட்டேன், கேக்கும்போது பெட்ரோல் ஹோஸ்னு சொல்லி கேளுங்க, தண்ணி ட்யூப் கொஞ்ச நாள்ல வெறச்சு வெடிச்சிரும். 5க்கு 4 குடுப்பேன்.