மாணவர் சேவைப் பிரிவு: மனநல ஆலோசனை தரும் கவுன்சிலருக்காக மூன்று நட்சத்திரம்

கோலாலம்பூரில் நான் மருத்துவம் படிக்கும் தனியார் கல்லூரியின் மாணவர் சேவைப் பிரிவைப் பற்றி. விதிமுறைக் கையேடு பிடிஎஃப்பாக இருக்கிறது. வருகைப்பதிவு, மறுதேர்வு, மருத்துவ விடுப்பு எல்லாம் உண்டு. ஆனால் அறிமுக வாரத்தோடு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மருத்துவமனை வார்டில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நம் கையில் குத்திவிட்டால் எங்கே ஓடுவது என்பதே சீனியர் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது. இதைப் பிற்சேர்க்கையில் ஒளித்து வைப்பதா?

கவுன்சிலர் மேடம் தங்கமானவர். வாட்சாப்பிலேயே நேரம் கேட்கலாம், தமிழிலும் பேசலாம். இரவில் மனசு சரியில்லை என்றால் 24 மணி நேரமும் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் என்ற மன ஆறுதல் உதவி எண்ணையும் அவரே தருகிறார். பிடிபிடிஎன் (அரசின் உயர்கல்வி நிதி) கடன் விஷயமாகப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். மதியம் கவுண்டரில் ஆள் இருக்காது.