அலுமாரி: துகள்பலகையா, வேம்பா?

கிளிநொச்சியில் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது.

விலை: துகள்பலகை (மரத்துகள்களைப் பசையால் ஒட்டி அழுத்திய பலகை) மலிவு, அன்றே வீட்டுக்கு வரும். வேம்புக்கு விலை கூட, தச்சரிடம் காத்திருக்க வேண்டும்.

உழைப்பு: துகள்பலகை ஈரம் பட்டால் ஊதிவிடும். வேம்பைக் கறையான் லேசில் தொடாது.

காற்று: இதில்தான் நான் மரத்தின் பக்கம். துகள்களை ஒட்டும் பசையிலிருந்து போமல்டிகைட்டு என்ற நெடியுள்ள வாயு கசியும். புது அலுமாரியைத் திறந்ததும் மூக்கில் ஏறி, கண்ணைக் கரிக்க வைப்பது பெரும்பாலும் அதுதான். புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. வெக்கையில் இன்னும் கூடுதலாகக் கசியும். தகரக் கூரையும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

குழந்தை படுக்கும் அறைக்கு மரமே சரி. கையில் காசு குறைவென்றால் துகள்பலகையை வாங்கி, கதவுகளைத் திறந்தபடி சில வாரம் விறாந்தையில் விட்டு, அப்புறம் உள்ளே எடுங்கள்.