டிவி வாங்க பனாமா எல்லைக்குப் போகலாமா, உள்ளூரே போதுமா?

கோஸ்டா ரிகாவின் தெற்கே, சான் இசிட்ரோ தெல் ஹெனரலில் இருக்கிறேன். இந்தப் பக்கம் யாராவது டிவி வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால், "கனோவாஸுக்குப் போய் வாங்கு" என்பதுதான் முதல் யோசனை. பாசோ கனோவாஸ் பனாமா எல்லையை ஒட்டிய கடைத்தெரு ஊர். ஒரு பக்கம் நின்று விலை கேட்டால் கோஸ்டா ரிகா, எதிர்ப்பக்கம் போனால் பனாமா. நானும் போய் அரைநாள் சுற்றினேன். கடைசியில் வெறுங்கையோடு திரும்பி உள்ளூர்க் கடையில்தான் வாங்கினேன்.

விலையில் பனாமாதான் மலிவு, அதில் பேச்சே இல்லை. இங்கே மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதம், அங்கே விற்பனை வரி 7. படமும் ஒலியும் இரண்டிலும் ஒன்றுதான், அதே கம்பெனிகள்தானே. அவ்வளவு பெரிய பெட்டியைச் சுங்கம் தாண்டி பேருந்தில் கொண்டுவரும் பாடு தனிக் கதை.

என்னைத் தடுத்தது டிவிக்குள் இருக்கும் டியூனர், அதாவது ஆன்டெனா பிடிக்கும் சிக்னலைப் படமாக்க உதவும் பாகம். அனலாக் காலத்தில் இரண்டு நாட்டிலும் அமெரிக்காவின் என்டிஎஸ்சி ஒளிபரப்பு முறைதான். எங்கே வாங்கினாலும் ஆன்டெனாவைச் செருகினால் படம் வரும். டிஜிட்டலுக்கு மாறும்போது வழி பிரிந்தது. பனாமா 2009இல் ஐரோப்பாவின் டிவிபி-டி முறையை எடுத்துக்கொண்டது. கோஸ்டா ரிகா 2010இல் ஜப்பானில் பிறந்து பிரேசிலில் மாற்றப்பட்ட ஐஎஸ்டிபி-டிபி பக்கம் போனது. நிகரகுவா, ஹோண்டுராஸ், குவாதமாலாவும் அதையே எடுத்தன. முதலில் அமெரிக்க ஏடிஎஸ்சி என்று சொன்ன எல் சால்வடோர்கூட 2017இல் அங்கேயே வந்து சேர்ந்தது. ஆக, ஸ்பானிஷ் பேசும் மத்திய அமெரிக்காவில் பனாமா மட்டும்தான் தனி.

இது பல ஆண்டுகள் யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் அனலாக் ஓடிக்கொண்டிருந்தது. சான் ஹொசே இருக்கும் மத்தியப் பள்ளத்தாக்கில் 2019 ஆகஸ்டில் அதை நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் 2023 ஜனவரியில். அதுவரை பனாமா டிவியிலும் 7ஆம் எண் சேனலான டெலெட்டிகா, அரசின் 13ஆம் எண் சேனல் எல்லாம் வந்தன. அப்புறம் டிவிபி-டி மட்டும் உள்ள டிவியில் எத்தனை முறை தேடினாலும் ஒரு சேனலும் சிக்காது. அலைவரிசை ஒன்றுதான், உள்ளே இருக்கும் சிக்னல் வேறு. இது தெரியாமல் கூரையேறி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பியே மாலையைத் தொலைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. கனோவாஸுக்குப் போகச் சொல்பவர்கள் பெரும்பாலும் பழைய நினைப்பில் சொல்கிறார்கள்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஐஎஸ்டிபி-டிபி கன்வெர்ட்டர் பெட்டியை எச்டிஎம்ஐ வழியாகச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கு அதற்கே போகும், கூடவே இன்னொரு ரிமோட், இன்னொரு பிளக். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு ரிமோட்டே அதிகம். கேபிள் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கும் யூடியூப் மட்டும் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பேச்சே தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு கனோவாஸ் போகலாம்.

இரண்டு டியூனரும் உள்ள மாடல்கள் அங்கே கிடைப்பதாகக் கடைக்காரர் சொன்னார். நான் கேட்ட மாடலின் பெட்டியில் அப்படி எழுதியிருக்கவில்லை, அதனால் நம்பவில்லை. கோல்ஃபிட்டோவின் வரியில்லா வளாகம் மூன்றாவது வழி. அது கோஸ்டா ரிகாவுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் நான் அங்கே வாங்கியதில்லை. எங்கே வாங்கினாலும் பெட்டியில் ஐஎஸ்டிபி-டிபி என்ற எழுத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பழைய டிவியை விற்கும்போதும் இதே கதைதான். பக்கத்து வீட்டுக்காரர் தன் பனாமா டிவியை விற்க முயன்றார். வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது இங்கத்திய டிஜிட்டல் வருமா என்றுதான். இப்போது அது அவருடைய பையன் அறையில் வீடியோ கேம் திரையாக இருக்கிறது.