மண் பாதையை முடித்தீர்களா? யார் சாட்சி?

தார் ரோட்டில் பைக்கில் ஆயிரம் மைல் ஓட்டியதை நிரூபிப்பது சுலபம். மண்ணிலும் சரளையிலும் ஐந்நூறு மைல் ஓட்டியதை நிரூபிப்பதுதான் பெரும்பாடு. நெடுந்தூர ஆஃப்ரோடு ரைடுக்குச் சான்றிதழோ பதக்கமோ எங்கே வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, “நீங்க ஓட்டினதுக்கு யார் சாட்சி?” என்பதைத்தான். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ள வெவ்வேறு முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது எதற்கு உதவும் என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

நம் ஊர் ரைடர்களுக்கு நன்றாகத் தெரிந்தது, நெடுந்தூர பைக் ஓட்டத்துக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன். அவர்களுடைய ‘சேடில்சோர் 1000’ என்பது 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது ஏறக்குறைய 1,610 கி.மீ. தங்க நாற்கரச் சாலை வந்த பிறகு இந்தியாவிலும் இதைச் செய்து சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் நிறையப் பேர். இங்கே சாட்சி பெட்ரோல் பங்க் பில். புறப்படும் இடத்தில் ஒன்று, வழியில் திரும்பும் மூலைகளில் ஒவ்வொன்று, முடிக்கும் இடத்தில் ஒன்று. தேதி, நேரம், ஊர் மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். கூடவே ஓடோமீட்டர் கணக்கு எழுதிய தாள்.

செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இதில் பாதி வேலை பில்லோடுதான். ராத்திரி இரண்டு மணிக்கு பங்கில் நிறுத்தினால் “மிஷின்ல பேப்பர் தீந்துபோச்சு சார்” என்பார்கள். பேப்பர் இருந்தால் நேரம் தப்பாக இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால், அந்த மழமழப்புத் தாள் வேர்வையில் நனைந்து மறுநாள் மதியத்துக்குள் வெளுத்துவிடும். அதனால் விவரமானவர்கள் பங்கை விட்டு நகர்வதற்கு முன்பே பில்லைப் படித்துப் பார்த்து, ஓடோமீட்டருக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு போட்டோவும் எடுத்துவிடுவார்கள். கெடுபிடி என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு வந்ததே இந்தக் கெடுபிடியால்தான்.

இதே முறையை மண் பாதைக்குக் கொண்டுபோனால் இரண்டு இடத்தில் முறிகிறது. முதலில் வேகம். 24 மணி நேரத்தில் 1,610 கி.மீ. என்றால், சாப்பாடு, பெட்ரோல், தூக்கம் எல்லாம் சேர்த்து மணிக்கு 67 கி.மீ. சராசரி. கல்லும் சேறுமான காட்டுப் பாதையில் 30 வந்தாலே நல்ல வேகம். சரி, தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அப்புறமும் சாட்சி உதைக்கிறது. பங்க் இருப்பது ஊருக்குள். இரண்டு ஊர்களுக்கு நடுவே மலையைச் சுற்றி மண் பாதை போனால், பெரும்பாலும் அதைவிடக் குறுக்காக ஒரு தார் ரோடும் போகும். நீங்கள் இரண்டு ஊருக்கும் வந்துபோனதைப் பில் சொல்லும். எந்த வழியாக வந்தீர்கள் என்பதை அது சொல்லாது. நெடுஞ்சாலையில் இது பிரச்சினையே இல்லை. இரண்டு ஊருக்கும் இடையிலான மிகக் குறைந்த தூரத்தையாவது கடந்துதான் ஆக வேண்டும், அதையே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மண்ணில் கஷ்டமான வழிதான் நீளம், சுலபமானது குட்டை. போன வழியைப் பதிந்துவைக்கும் ஜிபிஎஸ் டிராக் இந்த ஓட்டையைப் பெருமளவு அடைக்கும். ஆனால் அதுவும் திருத்தக்கூடிய ஒரு கோப்புதான்.

அமெரிக்காவின் பெரிய மண் பாதைகள் இந்தத் தலைவலிக்குள் போகவே இல்லை. ட்ரான்ஸ் அமெரிக்கா ட்ரெயில் என்பது சாம் கொரேரோ என்ற தனி மனிதர் 1980களிலிருந்து ஊர் ஊராக மண் ரோடுகளைத் தேடிக் கோத்தது. தென்கிழக்கு மாநிலங்களில் தொடங்கி ஆரிகன் கடற்கரை வரை, மொத்தம் ஏறக்குறைய 5,000 மைல். கைப்பிடியில் பொருத்திய பெட்டிக்குள் உருட்டிப் படிக்கும் வழித்தாளோடு மக்கள் அதை ஓட்டினார்கள். அடுத்து பேக்கன்ட்ரி டிஸ்கவரி ரூட்ஸ். லாப நோக்கமில்லாத அமைப்பு. 2010-இல் வாஷிங்டன் மாநிலத்தில் முதல் பாதையைத் திறந்தார்கள். கொலம்பியா ஆற்றங்கரையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 600 மைல். இப்போது பல மாநிலங்களில் இருக்கிறது, ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொள்ளும் வழித்தடக் கோப்புகள் (ஜிபிஎக்ஸ்) இலவசம். ஐரோப்பாவில் ட்ரான்ஸ் யூரோ ட்ரெயிலும் அதே வழிதான். ஒவ்வொரு நாட்டிலும் தன்னார்வலர்கள் தங்கள் பகுதித் தடத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இங்கே கடிகாரம் கிடையாது, மேற்பார்வை கிடையாது. சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பாதைகள் பொது நிலம், வனத்துறை ரோடு, பண்ணை ஓரத்துத் தெரு என்று ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்வதால் மட்டுமே திறந்திருப்பவை. ‘இத்தனை மணி நேரத்தில் முடித்தால் பதக்கம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும், எருமை மாதிரி வண்டியை முறுக்கிக்கொண்டு பண்ணை வாசலில் புழுதி கிளப்பப் பத்துப் பேர் வருவார்கள். அடுத்த வருடம் அந்த வாசலில் சங்கிலி தொங்கும். இதனால்தான் அந்த அமைப்புகள், ரைடர்கள் சின்ன ஊர்களில் தங்கிச் சாப்பிட்டுப் பணம் செலவழிப்பதைப் பெருமையாகச் சொல்கின்றன. யார் முதலில் வந்தார் என்று கேட்பதில்லை.

ஆக, இந்தப் பாதைகளில் மிஞ்சும் அங்கீகாரம் வண்டிப் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர். காசு கொடுத்தால் கிடைக்கும். ஓட்டி முடித்த பிறகுதான் ஒட்ட வேண்டும் என்பது மானம் சம்பந்தப்பட்ட விஷயம், அவ்வளவுதான். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அடுத்தவர் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்த்து ஒட்டினால் ஏமாற்றம்தான். நம் லடாக் போட்டோக்களும் இந்த வகையே. கர்துங் லா பலகைக்கு முன்னால் நின்று 18,380 அடி ஏறினேன் என்று எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்! கணவாயின் உண்மையான உயரம் ஏறக்குறைய 17,580 அடி. ஆள் போனது நிஜம், பலகைதான் எண்ணூறு அடி கூட்டிச் சொல்லியது.

இங்கிலாந்தின் மோட்டார் சைக்ளிங் கிளப், 1901-இல் தொடங்கியது, வேறொரு விடை கண்டுபிடித்தது. என் ஓட்டு இதற்குத்தான். எடின்பரோ, லேண்ட்ஸ் எண்ட், எக்ஸிட்டர் என்று வருடத்துக்கு மூன்று நெடுந்தூர ட்ரையல்கள், அதாவது வேகத்தைவிட வண்டி ஓட்டும் திறமையைச் சோதிக்கும் ஓட்டங்கள். மூன்றும் நூறு வயதைத் தாண்டியவை. லேண்ட்ஸ் எண்ட் 1908-இலிருந்து, ஈஸ்டர் சமயத்தில் நடக்கிறது. ராத்திரி முழுக்கச் சாதாரண ரோட்டில் ஓட்ட வேண்டும். அந்த ரோட்டில் யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்கு வந்தால் போதும். பரீட்சை நடப்பது முக்கியமாக நடுநடுவே வரும் செங்குத்தான மண் ஏற்றங்களில். அங்கே கையில் தாளோடு ஆள் நிற்பார்கள்.

அந்த ஏற்றங்களில் சிலவற்றில் நடு வழியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அங்கே வேண்டுமென்றே நிறுத்த வேண்டும். ஈரக் கல், பாசி, முந்தைய வண்டிகள் தோண்டிய பள்ளம். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி பின்னால் வழுக்கும். பின் பிரேக்கை மிதித்தால் தாங்கிக்கொள்ள ஒரு கால்தான். சைகை வந்ததும் கிளட்சைக் கொஞ்சம் அவசரப்பட்டு விட்டால் பின் சக்கரம் அதே இடத்தில் சுழன்று கற்களைத் துப்பும். வண்டி முன்னே நகராமல் நின்றால் அந்த ஏற்றம் போச்சு. கார்ன்வாலில், பழைய தகரச் சுரங்கம் இருந்த கடலோரச் சரிவில் உள்ள ‘புளூ ஹில்ஸ்’ இப்படித்தான் நிறையப் பேரின் தங்கத்தைப் பறித்திருக்கிறது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்தவனிடம் கடைசியில் கேட்கும் கேள்வி அது.

எல்லா ஏற்றத்தையும் தோற்காமல் ஏறி, நேரமும் தவறாமல் வந்தால் தங்கம். கொஞ்சம் சறுக்கினால் வெள்ளி, வெண்கலம். ஒரே வருடத்தில் மூன்று ட்ரையல்களிலும் தங்கம் வாங்கினால் ‘ட்ரிபிள்’. எல்லாரும் தங்கம் வாங்கலாம், ஒருவர்கூட வாங்காமலும் போகலாம், போட்டி மேட்டோடுதான். ரோட்டில் வேகத்துக்குப் பரிசு இல்லாததால் ஊர்க்காரனுக்கும் தொந்தரவு குறைவு. சாட்சியும் சரியான இடத்தில் நிற்கிறது. பங்க் பில் சுலபமான இடத்தில் சாட்சி சொல்கிறது, இவர்கள் கஷ்டமான இடத்தில் சாட்சி வைத்தார்கள். குறையும் உண்டு: அத்தனை ஏற்றங்களிலும் நிற்க ஆள் வேண்டும், அதுவும் தன்னார்வலர்களாக, ஜனவரிக் குளிரில் எக்ஸிட்டர் ட்ரையலில் நிற்கச் சம்மதிப்பவர்களாக.

பாலைவன ராலிப் பந்தயமான டக்காரின் பதக்கத்தை இந்த வரிசையில் வைப்பதே கொஞ்சம் அநியாயம். முடித்தவர் எல்லாருக்கும் பதக்கம் உண்டு என்பது உண்மைதான். 2015-இல் நம் நாட்டு ரைடர் சி.எஸ். சந்தோஷ் முடித்து வாங்கினார், 2019-இல் ஓசூர் டிவிஎஸ் அணிக்காக ஓட்டிய அரவிந்த் கே.பி. முடித்தார். ஆனால் நுழைவுக் கட்டணமே ஆயிரக்கணக்கான யூரோ. மெக்கானிக் உதவியே இல்லாமல் ஒரு பெட்டிச் சாமானோடு ஓட்டும் பிரிவு ஒன்று உண்டு, அங்கே கிடைக்கும் பதக்கத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். வார விடுமுறையில் ஓட்டும் நமக்கு இது பேச்சுக்குத்தான்.

சட்டம் போட்ட சான்றிதழ்தான் ஆசை என்றால் அயர்ன் பட் முறைக்குப் போங்கள், தார் ரோட்டில். ஊர், காடு, ஆறு பார்க்கும் ஆசை என்றால் திறந்த பாதைகள், அங்கீகாரத்தை மறந்துவிடுங்கள். மண்ணில் ஓட்டத் தெரியும் என்று நாலு பேர் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் இங்கிலாந்து முறைதான் ஒரே வழி, அது நம் பக்கம் இல்லை. இங்கே சில ஏற்பாட்டாளர்கள் பணம் கட்டும்போதே முடித்தவருக்கான ‘ஃபினிஷர்’ பதக்கத்தையும் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நான் போன ஒரு ரைடில் பாதி வழியில் வண்டியை வேனில் ஏற்றியவரும் மாலையில் அதை மாட்டிக்கொண்டு குரூப் போட்டோவில் நின்றார். இதை மாற்றப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. பாதையின் மோசமான மூன்று ஏற்றங்களில் ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்து மூன்று பேரை நிறுத்துங்கள். வண்டி எண், நின்றதா ஏறியதா, அவ்வளவு எழுதினால் போதும். மதியச் சாப்பாட்டை மட்டும் அந்த மூன்று பேருக்கும் மேலேயே அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணிக்கே இறங்கி வந்துவிடுவார்கள்.