ஐ-ஓபி-1: கிளாக்கோமாவுக்கு அல்ட்ராசவுண்ட், யாருக்கு உதவும்?

கிளாக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நைக்கும் நோய். அதற்கான ஐ-ஓபி-1 அல்ட்ராசவுண்ட் கருவியை 'கத்தியே இல்லாத சிகிச்சை' என்கிறார்கள். கத்தி கிடையாது என்பது உண்மை, ஊசி உண்டு. கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்ட பிறகே பிரான்சின் ஐடெக்கேர் நிறுவனத்தின் ஐ-ஓபி-1 வேலையைத் தொடங்குகிறது. யோசனை பழையது: 1980களிலேயே அமெரிக்காவில் கோல்மனும் லிஸ்ஸியும் கிளாக்கோமாவுக்கு அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தக் கருவி பெரியது, கையாளச் சிரமமானது. இங்கே அது கண்மேல் வைக்கும் வளையமாகச் சுருங்கிவிட்டது.

வளையத்தில், மின்சாரத்தை ஒலியாக மாற்றும் 6 பீசோ தகடுகள். 21 மெகாஹெர்ட்ஸ் ஒலி வெள்ளைவிழியைக் கடந்து, கண்ணுக்குள் நீர் சுரக்கும் சிலியரி பாடியில் குவிந்து அந்தத் திசுவைச் சுடுகிறது. சுரப்பு குறைய, அழுத்தமும் இறங்குகிறது. முக்கிய ரத்தக்குழாய்களும் நரம்புகளும் ஓடும், கடிகார முகப்பின் 3 மணி, 9 மணித் திசைகளில் சூடு விழாதபடி தகடுகள் அமைந்திருக்கின்றன. இதே திசுவைச் சுடும் இன்னொரு சிகிச்சையான டையோடு லேசரின் சூடு திசுவின் நிறமியைப் பொறுத்து மாறும்; திசு வெடிக்கும் 'பாப்' சத்தமும் கேட்கும். ஒலிக்கு நிறமி ஒரு பொருட்டல்ல. இதுதான் இந்தக் கருவியின் உண்மையான பலம்.

வளையம் 11, 12, 13 மி.மீ. என மூன்று அளவில் வருகிறது. கண்ணை அளந்துதான் தேர்வு செய்ய வேண்டும். அளவு தவறினாலோ நடுவிலிருந்து விலகினாலோ சூடு சிலியரி பாடியில் விழாமல் பக்கத்துத் திசுவில் விழும். சிகிச்சை பலிக்காமல் போக இது ஒரு முக்கியக் காரணம். முதலில் உறிஞ்சு விளிம்புள்ள கூம்பைக் கருவிழியைச் சுற்றிப் பொருத்தி, அதனுள் வளையத்தை இறக்கி, இடைவெளியை உப்புக்கரைசலால் நிரப்புவார்கள். காற்றுக்குமிழி ஒன்று நின்றாலும் ஒலி அங்கே தடைபடும். ஒவ்வொரு தகடும் 8 விநாடி சுடும், நடுவே 20 விநாடி ஓய்வு. ஆக மொத்தம் இரண்டரை நிமிடம்தான்.

பலன்? வெளியான ஆய்வுகளில் ஓராண்டு முடிவில் அழுத்தம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 24 மி.மீ. பாதரச அளவில் இருந்த அழுத்தம் 16க்கு வந்தால் பலருக்குப் போதும். பார்வை நரம்பு மிகவும் நைந்து, 12க்குக் கீழே இறக்கியே ஆக வேண்டியவர்கள் இதை நம்பிக் காலம் கடத்தக் கூடாது, அவர்களுக்குக் கண்நீர் வடிய புதுவழி திறக்கும் டிராபெக்குலெக்டமி அறுவைச் சிகிச்சைதான். இழந்த பார்வையை இரண்டுமே மீட்டுத் தராது.

கண் சிவப்பு, உறுத்தல், லேசான உள்வீக்கம் சகஜம். ஸ்டீராய்டு சொட்டில் சில வாரங்களில் அடங்கும். சிலருக்குக் கண்ணின் பாப்பா விரிந்தே நிற்கும், கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், கண்ணாடியின் சிலிண்டர் பவர் ஏறும். கண்ணில் இயற்கை லென்ஸே உள்ள இளவயதினரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விழித்திரையின் மையமான மாகுலாவில் வீக்கமும் அழுத்தம் அளவுக்கு மீறி விழுவதும் அரிது. வெள்ளைவிழி மெலிந்தவர்களுக்கும், கண்ணில் தொற்று உள்ளவர்களுக்கும் இது வேண்டாம்.

வளையம் ஒருமுறை மட்டுமே பயன்படுவது, செலவு அங்கேதான் ஏறுகிறது. பிறகு தேவைப்பட்டால் மறுபடி செய்யலாம், அதற்கு இன்னொரு வளையம். கிளாக்கோமா சொட்டுகளை மறுநாளே நிறுத்தக் கூடாது. ஓரிரு மாதம் அழுத்தத்தைப் பார்த்து, டாக்டர் சொன்ன பிறகு ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும்.