கண்மாய் வரைபடங்களும் கியூஜிஐஎஸ்ஸும்: பத்தாண்டு அனுபவம்

மதுரை, திண்டுக்கல் மாவட்டக் கண்மாய்களையும் அவற்றின் வரத்துக்கால்வாய்களையும் வரைபடமாக்கும் பணிக்காகப் பத்தாண்டுகளாகக் கியூஜிஐஎஸ் (QGIS) என்னும் இலவச வரைபட மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். இதுவரை உரிமக் கட்டணமாக ஒரு ரூபாய்கூடச் செலவானதில்லை. 2018-இல் 3.0 பதிப்பு வந்தபோது கூடுதல் வசதிகளுக்காகச் சேர்க்கும் பழைய செருகுநிரல்கள் சில இயங்காமல் போயின. மற்றபடி அது என்னைக் கைவிட்டதில்லை.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு வரைபடத் தரவைச் சேமிக்கும் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்தை உறுதியாகப் பரிந்துரைப்பேன். பழைய கோப்பு வடிவமான ஷேப்ஃபைலில் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்டுகளே இடம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், 'மடை' என்ற பெயர் அடங்கிவிடும், 'கலிங்கு' அடங்காது. ஜியோபேக்கேஜுக்கு மாறிய பிறகுதான் எங்கள் அட்டவணைகள் ஊரார் வழங்கும் சொற்களிலேயே அமைந்தன.

இப்பகுதியில் வேலை செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடங்களைக் குறிக்கும் யுடிஎம் முறையின் 43, 44 மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கக்கோடு திண்டுக்கல் நகருக்கும் மதுரை நகருக்கும் இடையே செல்கிறது. மதுரைக் கோப்புக்கு 43 என்று குறித்துவிட்டால் கண்மாய் லட்சத்தீவுக் கடலில் போய் விழும்.

தரவைப் பொறுத்தவரை, இந்திய நில அளவைத் துறை 1:50,000 அளவிலான நிலப்படத் தாள்களை 2017 முதல் இணையத்தில் இலவசமாக வழங்கியதும், 2021 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் இந்தியர்கள் முன்அனுமதியின்றி வரைபடத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் வழிசெய்ததும் எங்களுக்குப் பேருதவி. ஆனால் பார்க்கக் கிடைப்பது வேறு, கணக்கிடக் கிடைப்பது வேறு. கண்மாய் எல்லைகள் கணினிக் கோப்பாகவே இருந்த ஓர் அலுவலகத்தில் கேட்டபோது அச்சிட்ட தாளைத்தான் கொடுத்தார்கள். அதை ஸ்கேன் செய்து, புள்ளி புள்ளியாக மீண்டும் வரைய மூன்று வாரங்கள் ஆயின. மக்கள் வரிப்பணத்தில் ஒருமுறை அளந்ததை மக்களே மறுபடி வரைய நேர்வது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

30 மீட்டருக்கு ஒரு புள்ளி என நிலத்தின் உயரத்தைத் தரும் செயற்கைக்கோள் தரவும் ஓரளவுக்குத்தான் உதவும். நான்கு மீட்டர் அகலக் கரை அதில் தெரிவதேயில்லை. சென்ற ஆண்டு தூர்ந்துபோன ஒரு வரத்துக்கால்வாயைத் தேடி, முதிய நீர்பாய்ச்சி ஒருவருக்குப் பின்னால் ஜிபிஎஸ் கருவியோடு கருவேலங்காட்டுக்குள் நடந்தேன். "வாய்க்கா இங்கன திரும்பும் தம்பி" என்று அவர் காட்டிய வளைவு, வீடு திரும்பி நிலப்படத் தாளின் மேல் வைத்துப் பார்த்தபோது, அதிலிருந்த மெல்லிய நீலக்கோட்டோடு பொருந்தி நின்றது.