அப்பா வண்டி மாதிரியே இருக்கு என்று வாங்கினோம்

மின்சார ஸ்கூட்டர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

போன வருடம் மனைவிக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர் தூரம். பெட்ரோலும் வேண்டாம், லைசென்ஸ் எடுக்கிற அலைச்சலும் வேண்டாம் என்று மெதுவாக ஓடுகிற மின்சார ஸ்கூட்டராகத் தேடினோம். பைபாஸில் புதிதாகத் திறந்திருந்த கடையில் வெளிர்பச்சையில் ஒன்று நின்றது. வட்ட விளக்கு, உருண்ட இடுப்பு, டை கட்டிவிட்டது போல முன்பக்கம். என் மாமனார் முப்பது வருடம் ஓட்டிய வெஸ்பாவேதான். "அப்பா வண்டி மாதிரியே இருக்குங்க" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. 72,000 ரூபாய்.

"இத்தாலி டிசைன் சார், இம்போர்ட்டட் பாடி" என்றார் கடைக்காரர். எந்த ஊரிலிருந்து இம்போர்ட் என்று நான் கேட்கவில்லை. இத்தாலி வண்டியான வெஸ்பாவின் காப்பி என்பது எனக்கும் தெரியாமல் இல்லை. இத்தாலிக்காரனுக்கு நஷ்டம் என்றால் அது அவன் பாடு, நமக்கென்ன வந்தது என்று நினைத்தேன். இந்தப் பதிவு முழுக்க அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலையைப் பற்றித்தான்.

ஏழாவது மாதம், காய்கறிச் சந்தை வாசலில் ரிவர்ஸ் எடுத்த குட்டியானை ஒன்று முட்டியது. நல்லவேளை, அவள் அப்போது வண்டியில் இல்லை. முன்பக்கம் நெடுக்க விரிசல் விட்டு, ஹெட்லைட் வளையம் இரண்டாக உடைந்தது. கடையில் "ஆர்டர் போட்டாச்சு, 15 நாள்" என்றார்கள். அந்த 15 நாள் மூன்று மாதம் ஆனது. அப்புறம் போனை எடுக்கவில்லை. ஒரு நாள் நேரில் போனால் அங்கே சோபா விற்கிறார்கள்.

சரி, வெஸ்பா மாதிரிதானே, வெஸ்பா பாகம் சேரும் என்று அந்த ஷோரூமுக்குப் போனேன். சர்வீஸ் தம்பி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்: "இது எங்க வண்டி இல்லையே சார்." சென்னைக்குப் போனபோது வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் ஒரு வளையத்தை எடுத்து என் உடைந்த வளையத்தின் மேல் வைத்துக் காட்டினார். சுற்றளவு கிட்டத்தட்ட ஒன்று. போல்ட் ஓட்டை ஒன்றுகூடச் சேரவில்லை.

கடைசியில் எங்கள் தெரு மெக்கானிக் பாய்தான் விஷயத்தைப் புரியவைத்தார். கீழே விழுந்த ஸ்க்ரூ பொறுக்க அவர் ஒரு காந்தம் வைத்திருப்பார். அதை என் வண்டியின் முன்பக்கத்தில் வைத்தார், நழுவி விழுந்தது. பட்டறையில் நின்ற ஒரு பழைய வெஸ்பாவில் வைத்தார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. "உங்க வண்டிக்கு உள்ள பைப்பு எலும்பு, மேல பிளாஸ்டிக் தோல். வெஸ்பாவுக்குத் தோலும் எலும்பும் ஒரே தகடு சார்" என்றார். 1946இல் பியாஜியோ கம்பெனிக்காக அதை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். தனியாக ஃப்ரேமே இல்லாமல் இரும்புத் தகட்டு உடம்பே எல்லாப் பாரத்தையும் தாங்கும்படி செய்தார். அந்த உருண்டை வடிவம் வந்தது அந்த வேலையிலிருந்து. என் வண்டியில் அது வெறும் வேஷம்.

இவ்வளவு பட்டப்பகலில் எப்படிக் காப்பி அடித்து விற்கிறார்கள் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். வடிவமைப்பு உரிமை ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டாது. இத்தாலியில் பதிந்தது இத்தாலிக்குத்தான். அங்கே பதிய விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் இங்கே விண்ணப்பித்தால் அந்தப் பழைய தேதியே முன்னுரிமையாகக் கிடைக்கும். நம் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பாதுகாப்பு 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. திருடியவன் மேல் தடையும் நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடலாம். அது வேண்டாம் என்றால் அந்தச் சட்டம் நேராகத் தரச் சொல்லும் தொகை ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய்வரை, ஒரு வடிவமைப்புக்கு மொத்தமாக 50,000க்கு மேல் போகாது. என் ஒரு வண்டியின் விலையே அதைவிட அதிகம்!

இத்தாலியிலேயே லேசில் முடியவில்லை. 2013இல் மிலான் மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் வெஸ்பா சாயலில் இருந்த 11 ஸ்கூட்டர்களை அந்நாட்டு நிதிக் காவல்துறை பறிமுதல் செய்தது. அதில் சிக்கிய ஒரு சீனக் கம்பெனி சும்மா இருக்காமல் டூரின் நீதிமன்றத்துக்குப் போனது. 2017இல் தீர்ப்பு பியாஜியோ பக்கம் வந்தது. அப்புறமும் மேல்முறையீடு என்று வருடக்கணக்கில் இழுத்தது. சீனாவிலேயே ஹோண்டா, 'ஹோங்டா' என்று பெயர் ஒட்டி விற்ற லிஃபான் கம்பெனி மேல் வழக்குப் போட்டு 2004இல் 14.7 லட்சம் யுவான் வாங்கியது. இந்த வழக்குகளில் ஜெயித்தது கம்பெனிதான். அந்த வண்டியை வாங்கினவன் கதை எந்தத் தீர்ப்பிலும் வருகிற மாதிரி தெரியவில்லை.

இன்னொன்று. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடாமல், மோட்டார் 250 வாட்டைத் தாண்டாமல் இருந்தால்தான் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். அதற்கும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையத்தின் சான்று வேண்டும். எனக்குக் கொடுத்த ஜெராக்ஸில் இருந்த மாடல் பெயர் ஒன்று, வண்டியில் ஒட்டியிருந்த பெயர் வேறு. டெலிவரி அன்றைக்கு கடைப் பையன் ஒரு ஒயரைக் கழற்றி "இப்ப நாப்பது போகும் சார்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த நிமிஷமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனமாகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். வாங்கிய விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடைக்காரருக்குப் போன நோட்டீஸ் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. வாரண்டி அட்டையில் இருந்தது வேறு மாநிலத்து விற்பனை முகவரி ஒன்று மட்டும். தயாரித்தவர் பெயர் எங்குமே இல்லை.

போன மாதம் பொருட்காட்சித் திடலில் ஒரு ஸ்டாலில் அதே வண்டியைப் பார்த்தேன். பெயர் வேறு, கம்பெனி வேறு, நிறம் மட்டும் அதே வெளிர்பச்சை. பைக்குள் கிடந்த உடைந்த வளையத்தை எடுத்து அதன் விளக்கின் மேல் வைத்துப் பார்த்தேன். மூன்று ஓட்டையும் அச்சாகப் பொருந்தியது. இந்த வளையம் ஒன்று மட்டும் கிடைக்குமா தம்பி என்றேன்.

"அது வேற கம்பெனி சார், இதுக்குச் சேராது" என்றான். வளையம் அப்போது அந்த விளக்கின் மேல்தான் இருந்தது.